பாறைப் பிளவும் நிலநடுக்கமும்: ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசுக் கல்லூரியில் ஜியாலஜி படித்துவிட்டு, அப்புறம் வடக்கே போய் இமயமலை அடிவாரத்துப் பிளவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் முடித்தவள். கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதும் சரி, தெரிந்தவர்களின் பிள்ளைகள் போனில் கூப்பிடும்போதும் சரி, ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லும்போது அவசரத்தில் எதையாவது விட்டுவிடுகிறேன். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே போட்டு, எனக்குத் தெரிந்தவரை நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

"ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜி, சீஸ்மாலஜி ரெண்டுமே பிளவைப் பத்திதானே அக்கா? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?"

பார்க்கிற பொருள் ஒன்றுதான், பார்க்கிற கால அளவுதான் வேறு. கட்டமைப்பு நிலவியல் படிப்பவர் பாறையில் பதிந்து நிற்கும் மடிப்பையும் பிளவையும் அளந்து, ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான வருடங்களில் அந்த மலை எப்படி நசுங்கியது, எப்படி நகர்ந்தது என்று சொல்வார். நிலநடுக்கவியல் படிப்பவருக்கு அதே பிளவு சில நொடிகளில் வழுக்கும்போது கிளம்பும் அலைதான் ஆதாரம். ஒருவரிடம் பிளவின் முழு வாழ்க்கை வரலாறு இருக்கிறது, இன்னொருவரிடம் அதன் ஒரு நிமிடப் பதிவு இருக்கிறது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கூர்க்கா பகுதியில் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலைப் பதிவுகளையும் ஜிபிஎஸ், செயற்கைக்கோள் ரேடார் அளவீடுகளையும் வைத்து, பிளவு காத்மாண்டுவுக்கு வடமேற்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கிச் சுமார் 150 கிலோமீட்டர் வழுக்கியது, ஆனால் தெற்கே தரைமட்டம் வரை எட்டவில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஏன் அங்கே நின்றது? இதற்கு அலைப் பதிவு மட்டும் பதில் சொல்லாது. மலைக்கு அடியில் பிளவுத் தளம் ஒரே சாய்வில் போகாமல், சில இடங்களில் சரிவு அதிகமாகவும் சில இடங்களில் தட்டையாகவும் மடங்கி மடங்கிப் போகிறது என்று நிலவியலாளர்கள் குறுக்குவெட்டுப் படம் வரைந்திருக்கிறார்கள். அந்த மடங்கல்கள்தான் வழுக்கலை ஒரு வட்டத்துக்குள் கட்டிப்போட்டன என்று ஒரு விளக்கம் வந்தது. அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் அதைப் பற்றி வாதாடவே இரண்டு துறையும் தெரிந்திருக்க வேண்டும். சுவாரஸ்யமான ஆராய்ச்சி இப்போது இந்த இரண்டும் சேருகிற இடத்தில்தான் நடக்கிறது என்பது என் கருத்து. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வதும் இதைத்தான்.

"6 அளவுக்கும் 7 அளவுக்கும் ஒரே ஒரு நம்பர்தானே வித்தியாசம்?"

அலையின் உயரத்தில் 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றலில் சுமார் 32 மடங்கு. 6-க்கும் 8-க்கும் இடையில் ஆற்றல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இன்னொன்று: அளவு என்பது நிலநடுக்கத்துக்கே உரியது, ஒன்றுக்கு ஒன்றுதான். தீவிரம் என்பது உங்கள் ஊரில் எவ்வளவு ஆடியது என்பது, அது ஊருக்கு ஊர் மாறும். நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

"நான் ஜியாலஜி படிக்கல, பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். எனக்குக் கதவு மூடிடுச்சா?"

இல்லவே இல்லை. நிலநடுக்கவியலில் பாதிப் பேர் இயற்பியல், கணிதம், பொறியியல் படித்துவிட்டு வந்தவர்கள்தான். அலைச் சமன்பாடு, ஃபூரியர் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம் இவையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஜியாலஜி மாணவர்கள் அதை எட்டிப்பிடிக்கத்தான் சிரமப்படுகிறார்கள். சிவில் முடித்தவர்களுக்கு நிலநடுக்கப் பொறியியல் என்று தனிப் பாதையே இருக்கிறது. ரூர்க்கி ஐஐடியில் அதற்கென்றே 1960-இல் தொடங்கிய துறை உண்டு.

ஒன்றை மட்டும் செய்யுங்கள். சேர்வதற்கு முன்போ, சேர்ந்த முதல் வருடத்திலோ யாராவது ஒரு நிலவியல் குழுவோடு பத்து நாளாவது களத்துக்குப் போய்விடுங்கள். பாறையைக் கையில் தொடாமலே மாடல் போடுபவர்கள், அந்த மாடலில் பிளவை ஒரு நேர்கோடாகப் போட்டுவிட்டு அது நிஜத்திலும் நேர்கோடுதான் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"கணக்குன்னாலே எனக்கு பயம். ஸ்ட்ரக்சுரல் மட்டும் எடுத்தா தப்பிச்சுக்கலாமா?"

தப்பிக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். தகைவு (பாறைமேல் விழும் அழுத்தம்), திரிபு (அதனால் பாறை உருமாறும் அளவு) இரண்டையும் அணி (மேட்ரிக்ஸ்) வடிவத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். தகைவைப் படமாகப் போட்டுக் காட்டும் மோர் வட்டம் புரியாமல் ஒரு பிளவு ஏன் அந்தக் கோணத்தில் உடைந்தது என்று சொல்ல முடியாது. ஸ்டீரியோநெட் என்பதே முப்பரிமாணக் கோணங்களை ஒரு தாளில் போடும் வடிவியல்தான்.

ஆனால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி, கணக்கை எதற்கென்றே சொல்லாமல் நடத்தியதால் வந்தது. இதைப் பாருங்கள். நிலநடுக்கம் வந்ததும் பி அலை முதலில் வரும், மேலோட்டில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். எஸ் அலை பின்னால் வரும், சுமார் 3.5 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையில் எத்தனை நொடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால், ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் தள்ளி நடந்தது என்று வந்துவிடும். 10 நொடி இடைவெளி என்றால் 80 கிலோமீட்டர் சொச்சம். மூன்று நிலையங்களில் இப்படிக் கணக்கிட்டு மூன்று வட்டம் போட்டால் அவை வெட்டுகிற இடம் மேல்மையம், அதாவது நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. இங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுங்கள், வருகிறதா இல்லையா பாருங்கள்.

"ஜாம், கேட், நெட் எல்லாத்தையும் எழுதணுமா?"

எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பி.எஸ்சி. முடித்து ஐஐடியில் எம்.எஸ்சி. போக ஜாம், அதில் ஜியாலஜிக்குத் தனித் தாள் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்து முனைவர் பட்டத்துக்கு கேட் அல்லது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். கேட் தேர்வில் ஜியாலஜியும் ஜியோபிசிக்ஸும் ஒரே தாள், பொதுவான பகுதி ஒன்று, அப்புறம் இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நெட் தேர்வில் புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் எல்லாம் ஒரே தாளில் வரும், அதனால் படிக்க வேண்டியது அகலம். அரசு வேலைதான் குறி என்றால் யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு. இந்திய நிலவியல் ஆய்வகத்துக்கு (ஜிஎஸ்ஐ) அந்த வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எழுதிக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகலை இரண்டாம் வருடத்தில் நெட், கேட் இரண்டும் போதும். தகுதி விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் சேரப்போகும் நிறுவனத்தின் அந்த ஆண்டு அறிவிப்பையே பாருங்கள், சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

"வீட்டுக்கு மாசம் பணம் அனுப்பணும். ஆராய்ச்சிக்கு வந்தா கட்டுப்படியாகுமா?"

ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆகும்போது 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. விடுதியில் தங்கிச் சிக்கனமாக இருந்தால் வீட்டுக்கும் அனுப்பலாம், நானும் அனுப்பினேன். சிக்கல் எங்கே என்றால், தொகை மாதாமாதம் சரியாக வரும் என்று நம்பிக் கடன் தவணை போடக் கூடாது. எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் சேர்ந்து வந்தது, அந்த ஐந்து மாதமும் கடன் வாங்கித்தான் சாப்பாடு. அதனால் கையில் நான்கு மாதச் செலவுக்காவது சேர்த்து வையுங்கள். உதவித்தொகை இல்லாமல் 'சேர்ந்துடு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று யார் சொன்னாலும் சேராதீர்கள்.

"ஃபீல்டுன்னா மலை, காடு. பொண்ணு தனியா எப்படிப் போவான்னு அப்பா கேக்கறார். நான் என்ன சொல்ல?"

தனியாக யாரும் போவதில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ, களத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று பேராகப் போவதுதான் முறை. தங்கும் இடம், வண்டி, உள்ளூர் உதவியாளர் எல்லாம் முன்கூட்டியே பேசி வைக்கப்படும். சேருவதற்கு முன்பே அந்தக் குழுவில் இருக்கும் பெண் ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் போனில் பேசுங்கள். கழிப்பறை, மாதவிடாய் நாட்கள், கூட வருபவர்களின் நடத்தை என்று எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். அந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

என் அப்பாவும் முதலில் சம்மதிக்கவில்லை. டேராடூன் பக்கம் ஒரு களத்துக்கு அவரையே கூட்டிப்போனேன். நாங்கள் தோண்டிய அகழியின் விளிம்பில் நின்று, மண் அடுக்குகள் வெட்டுப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'இது எப்ப நடந்தது' என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் தடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறையாவது அவர்களுக்குக் காட்டப் பாருங்கள்.

"அந்த அகழியில என்னதான் பண்ணுவீங்க? சும்மா குழி தோண்டறதுதானே?"

சிவாலிக் குன்றுகள் சமவெளியைத் தொடும் விளிம்பில் இமயமலை முன்னணிப் பிளவு ஓடுகிறது. பழைய நிலநடுக்கத்தில் தரை ஒருபக்கம் தூக்கப்பட்டிருந்தால் அங்கே படிக்கட்டு மாதிரி ஒரு மேடு நிற்கும், ஆற்றுப் படுகை மொட்டைமாடி மாதிரி உயரத்தில் தொங்கும். செயற்கைக்கோள் படத்தில் அதைத் தேடி, நேரில் போய் உறுதி செய்து, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, ஜேசிபி வைத்து மேட்டுக்குக் குறுக்கே அகழி வெட்டுவோம். அப்புறம்தான் உண்மையான வேலை. கரணையால் சுவரை மழமழவென்று வழித்து, ஆணி அடித்து, நூல் கட்டி ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூழாங்கல் வரிசையையும், களிமண் பட்டையையும், பிளவுக் கோட்டையும் வரைபடத் தாளில் ஏற்றுவோம். இதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறங்க விடக் கூடாது. மண் சரிந்தால் ஆள் மூழ்க ஒரு நிமிடம் போதும்.

பிளவு எந்த அடுக்கு வரை வெட்டியிருக்கிறது, எந்த அடுக்கு வெட்டுப்படாமல் மேலே மூடியிருக்கிறது என்பதுதான் தேடுவது. வெட்டுப்பட்ட அடுக்கில் கிடைத்த கரித்துண்டின் வயது கி.பி. 1200, மூடிய அடுக்கில் 1400 என்று வைத்துக்கொண்டால், நிலநடுக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில். கரித்துண்டு இருந்தால் கதிரியக்கக் கார்பன் முறை, அது சுமார் 50,000 வருடம் வரை எட்டும். கரியே இல்லையென்றால் மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணிக்கும் ஒளிர்வு முறை. அந்த மாதிரியை எடுக்கும்போது வெளிச்சம் படவே கூடாது, அதனால் இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரண்டு முனையையும் உடனே அடைத்துவிடுவோம்.

"என்கிட்ட சாதாரண லேப்டாப்தான் இருக்கு. நிலநடுக்க டேட்டா எல்லாம் எங்களுக்குக் குடுப்பாங்களா?"

நீங்கள் நினைப்பதைவிட நிறையவே கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. உலகம் முழுக்க உள்ள, மெதுவான அதிர்வு வேகமான அதிர்வு இரண்டையும் பதியும் அகல்பட்டை நிலையங்களின் பதிவுகளை எர்த்ஸ்கோப் தரவு மையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். முன்பு அது ஐரிஸ் என்ற பெயரில் இருந்தது. பெரிய நிலநடுக்கங்களின் பிளவுத் திசை, சாய்வு விவரங்களுக்கு குளோபல் சிஎம்டி பட்டியல் இருக்கிறது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களும் இலவசம். அலைப் பதிவைக் கையாளப் பைத்தானில் ஆப்ஸ்பை, வரைபடத்துக்கு ஜிஎம்டி, க்யூஜிஐஎஸ், இதெல்லாம் 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பிலேயே ஓடும்.

முதல் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள்: கூர்க்கா நிலநடுக்கத்தின் பதிவைத் தொலைவில் உள்ள மூன்று நிலையங்களிலிருந்து இறக்கி, பி அலையும் எஸ் அலையும் வந்த நேரத்தை நீங்களே குறியுங்கள். அவ்வளவு தொலைவுக்கு எட்டால் பெருக்கும் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் அலை பூமியின் ஆழத்துக்கு இறங்கி வேகமெடுத்து வருகிறது. எங்கே பொருந்தாமல் போகிறது, ஏன் என்று நீங்களே கண்டுபிடித்தால் ஒரு பருவப் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது.

"தமிழ்நாட்டுல நிலநடுக்கமே வராதே, இங்க இருந்துகிட்டு இதுல என்ன ஆராய்ச்சி?"

வராது என்பது சரியில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவில் ஒன்று வந்தது, தென்னிந்தியா முழுக்க உணர்ந்தார்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று. புவித்தட்டுகளின் விளிம்பிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் நிலத்தில் ஏன் தகைவு சேர்கிறது, எந்தப் பழைய பிளவு திரும்ப விழிக்கும் என்பது இன்னும் தீராத கேள்வி. மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் வந்த 6.2 அளவு நிலநடுக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அங்கேயும் வராது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கம், நம் ஊர்ப் பாறைகள் ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தவை. அரிப்பில் மேலே வந்து நம் காலடியில் கிடக்கின்றன. பாலக்காடு-காவிரி, மோயாறு, பவானி, அச்சன்கோவில் என்று பெரிய நறுக்கு மண்டலங்கள் (பாறைகள் உரசி இழுபட்ட அகலமான பட்டைகள்) தெற்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இமயமலைக்கு அடியில் இன்று ஆழத்தில் நடப்பதை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அதே மாதிரி ஆழத்தில் முன்பொரு காலம் நடந்ததைச் சேலம் பக்கத்துக் கல்குவாரியில் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கலாம். இதை நம் கல்லூரிகள் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

"பாறையில ஒரு பிளவு தெரியுது. அது நிலநடுக்கத்துல வழுக்கினதா, மெதுவா நகர்ந்ததான்னு எப்படிச் சொல்றது?"

நல்ல கேள்வி, எளிய கேள்வி இல்லை. பெரும்பாலான பிளவுப் பாறைகள் அதைச் சொல்லாது. நொறுங்கிய துண்டுகளும் பிளவுக் களிமண்ணும் மெதுவாக நகர்ந்தாலும் உண்டாகும், வேகமாக வழுக்கினாலும் உண்டாகும். மைலோனைட் என்ற பாறை கிடைத்தால், அது வெப்பமான ஆழத்தில் உடையாமல் பாகு மாதிரி இழுபட்டது என்று அர்த்தம். குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் அப்படி இழுபட ஆரம்பிக்கும்.

நம்பகமான சாட்சி சூடோடேக்கிலைட். பிளவின் இரண்டு பக்கமும் நொடிக்கு ஒரு மீட்டர் மாதிரியான வேகத்தில் உராயும்போது அந்த இடத்துப் பாறை உருகி, சந்துகளில் பாய்ந்து, உடனே உறைந்துவிடும். கறுப்பாக, மெல்லிய நரம்பு மாதிரி தெரியும். அந்த அளவு சூடு ஏற வேகமான வழுக்கல் வேண்டும், அதனால் இதைப் புதைபடிவ நிலநடுக்கம் என்றே சொல்லலாம். சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லி நறுக்கு மண்டலத்தில் இது கிடைத்து ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. ஆனால் கறுப்பு நரம்பெல்லாம் சூடோடேக்கிலைட் ஆகிவிடாது. மிக நுணுக்கமாக நொறுங்கிய பாறையும் கண்ணுக்கு அதே மாதிரி தெரியும். மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, உருகியதன் அடையாளம் இருந்தால் மட்டும் அந்தப் பெயரை எழுதுங்கள்.

"பூஜ்ல 7.7 வந்தும் தரையில பெரிய பிளவே தெரியலையாமே. அப்படின்னா அகழி தோண்டி என்ன பிரயோஜனம்?"

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியில் வந்த பூஜ் நிலநடுக்கத்தில் முதன்மைப் பிளவு ஆழத்திலேயே நின்றுவிட்டது, தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. இதே கச்சில் 1819-இல் வந்த நிலநடுக்கம் அல்லா பந்த் என்று இன்றும் அழைக்கப்படும் நீண்ட மேட்டையே எழுப்பியது. ஒரே வட்டாரம், இரண்டு விதம். மேலே சொன்ன கூர்க்காவும் தரைக்கு வராத வகைதான். ஆக அகழியில் எதுவும் இல்லை என்றால் நிலநடுக்கமே இல்லை என்று எழுதக் கூடாது, 'தரையைக் கிழித்த நிலநடுக்கம் எதுவும் இந்த இடத்தில் பதிவாகவில்லை' என்று மட்டுமே எழுதலாம்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. 1934 ஜனவரியில் பீகார்-நேபாளத்தை உலுக்கிய பெரிய நிலநடுக்கமும் தரைக்கு வராத வகை என்றுதான் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வு, கிழக்கு நேபாளத்தில் சரியான இடத்தில் தோண்டிப் பார்த்து அது தரையைக் கிழித்திருந்தது என்று காட்டியது. சில சமயம் பிளவு இருக்கும், தேடிய இடம்தான் தவறாக இருக்கும்.

"முன்கூட்டியே சொல்ல முடியாதுன்னா இவ்வளவு வருஷம் ஆராய்ச்சி பண்ணி என்ன லாபம்? ஊர்ல கேட்டா என்ன சொல்றது?"

நாள், நேரம், இடம், அளவு குறித்துச் சொல்லும் முறை யாரிடமும் இல்லை. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 வருடத்துக்கு ஒருமுறை 6 அளவில் வந்துகொண்டிருந்ததால், அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கணித்துக் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28. உலகிலேயே அதிகம் கண்காணிக்கப்பட்ட பிளவின் கதை இது. எனவே வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வரும் எதையும் பரப்பாதீர்கள், பரப்புபவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு விஷயம் முடியும். எந்தப் பகுதியில் எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்த்துக் கட்டிடம் கட்ட வேண்டும் என்று சொல்ல முடியும், உயிரைக் காப்பது முக்கியமாக இதுதான். இரண்டாவது, நிலநடுக்கம் தொடங்கிய பிறகு அலையை முந்திக்கொண்டு எச்சரிக்கலாம். 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு எஸ் அலை வந்துசேரச் சுமார் 57 நொடி ஆகும். மையத்துக்குப் பக்கத்து நிலையம் பி அலையைச் சில நொடிகளில் பிடித்துவிட்டால், கணக்கிட்டு அனுப்பும் நேரம் போக 40 நொடியாவது மிஞ்சும். ரயிலை நிறுத்த, பிள்ளைகள் மேசைக்கு அடியில் போக அது போதும். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கே இப்படிச் செய்தி போகிறது. உத்தராகண்டிலும் ரூர்க்கி ஐஐடி உருவாக்கிய செயலி 2021-இல் வந்தது. மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இது உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"இமயமலையில 'பெரிய பூகம்பம் பாக்கி இருக்கு'ன்னு டிவியில பயமுறுத்தறாங்களே, நிஜமா?"

கணக்கு இப்படி. இமயமலைக்குக் குறுக்கே நிலம் வருடத்துக்குச் சுமார் 18 முதல் 20 மில்லிமீட்டர் நெருங்குகிறது. பிளவு பூட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது அப்படியே சேர்ந்துகொண்டே போகும், 100 வருடத்துக்கு ஏறக்குறைய 2 மீட்டர். 1905-இல் உடைந்த இமாச்சலத்தின் காங்ராவுக்கும் 1934-இல் உடைந்த பகுதிக்கும் நடுவில், கடைசிப் பெரிய நிலநடுக்கம் 1505-இல் வந்ததாகக் கருதப்படும் நீண்ட துண்டு இருக்கிறது. 500 வருடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். அதைத்தான் பாக்கி என்கிறார்கள்.

சேர்ந்திருக்கிறது என்பது உறுதி. எப்போது, ஒரே தடவையாகவா, சிறிதும் பெரிதுமாகவா என்பதுதான் தெரியாத பகுதி. 1803-இல் உத்தராகண்டின் கர்வாலில் வந்தது எவ்வளவு தீர்த்தது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. 'பாக்கி' என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. கடன்காரன் தவணை தேதியில் வருகிற மாதிரி ஒரு படத்தை அது மனதில் போட்டுவிடுகிறது, பார்க்ஃபீல்டில் என்ன நடந்தது என்று மேலே பார்த்தோமே.

"கைடை எப்படித் தேர்ந்தெடுக்கறது? வெளிநாடு போறது நல்லதா?"

பெரிய பெயரைவிட அவரிடம் முடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். இப்போது அவரிடம் படிக்கும் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். டேராடூன் வாடியா நிறுவனம், ஹைதராபாத் என்ஜிஆர்ஐ (தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம்), கான்பூர், காரக்பூர், ரூர்க்கி ஐஐடிகள், கொல்கத்தா ஐசர் என்று நம் நாட்டிலேயே இமயமலையைத் தீவிரமாக ஆராயும் இடங்கள் இருக்கின்றன. வீட்டுப் பொறுப்பு இருப்பவர்கள் வெளிநாடு போகவில்லையே என்று தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

வெளிநாடு என்றால், அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குச் சொந்தப் பணம் கட்டிப் போகாதீர்கள், இந்தத் துறையில் கட்டணமும் மாத ஊதியமும் கொடுத்தே எடுப்பதுதான் வழக்கம். விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. அதற்கு மூன்று மாதம் முன்பே பேராசிரியருக்கு எழுதுங்கள். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஜெர்மனியில் டாட், ஜப்பானில் மெக்ஸ்ட் உதவித்தொகைகள் உண்டு. சிங்கப்பூர் நன்யாங் பல்கலையின் புவி ஆய்வகம் சுமத்ரா பிளவை ஆராய்வதால், சுனாமியில் கடற்கரையை இழந்த நமக்கு நெருக்கமான களம் அது.

"முடிச்சா வேலை கிடைக்குமா?"

நிலவியல் ஆய்வகம், தேசிய நிலநடுக்கவியல் மையம், எண்ணெய் நிறுவனங்கள், அணை, சுரங்கப்பாதை, அணுமின் நிலையத் தள ஆய்வு, காப்பீட்டு நிறுவனங்களின் பேரிடர் மதிப்பீட்டுப் பிரிவு என்று இடங்கள் உண்டு. கல்லூரிப் பேராசிரியர் வேலை குறைவு, காத்திருக்க வேண்டும். நிரல் எழுதவும் கள வரைபடம் போடவும் இரண்டும் தெரிந்தவர்கள் அதிக நாள் காத்திருப்பதை நான் பார்த்ததில்லை.

"என் டேட்டா கைடோட மாடலுக்கு ஒத்துவரலை. ஒத்துவராத பாயிண்ட்டை விட்டுடலாமான்னு தோணுது."

விடாதீர்கள். என் முதல் அகழியில் மேலடுக்குக் கரித்துண்டு கீழடுக்கைவிட 600 வருடம் பழையதாக வந்தது. அதை ஒதுக்கிவிட்டால் மீதி எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஒரு வாரம் தூக்கமில்லை. அப்புறம் திரும்பப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்தக் கரி உயரமான இடத்தில் எங்கோ பழைய மண்ணில் கிடந்து, வெள்ளத்தில் அடித்துவந்து இங்கே படிந்திருக்கிறது. கரியின் வயது அடுக்கின் வயது ஆகிவிடாது, மரம் எப்போது வளர்ந்தது என்பதுதான் அது. இதைக் கட்டுரையில் அப்படியே எழுதினோம், அந்தப் புள்ளியையும் படத்தில் வேறு நிறத்தில் போட்டோம். உங்கள் கைடு இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், உங்கள் களக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்து, ஆய்வுக்குழுவில் இருக்கும் இன்னொரு பேராசிரியரிடம் பேசுங்கள்.

"ஒரே ஒரு அகழியை வச்சு 'இங்க 8-க்கு மேல வந்திருக்கு'ன்னு எப்படி அக்கா சொல்றாங்க?"

ஒரே அகழியை வைத்துச் சொல்லக் கூடாது என்பதுதான் என் பதில். அகழி தருவது அந்த ஒரு புள்ளியில் எத்தனை மீட்டர் வழுக்கியது என்பதை மட்டும். அளவு கணக்கிட நீளமும் ஆழமும் வேண்டும். நீளத்துக்கு, 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் தள்ளி இன்னோர் அகழியில் அதே காலத்துப் பிளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: அகழி பற்றிய பதிலில் சொன்ன மாதிரி வயதுகளுக்கே 100, 200 வருட இடைவெளி இருக்கும். 40 வருட வித்தியாசத்தில் வந்த இரண்டு நடுத்தர நிலநடுக்கங்கள், அகழிகளில் ஒரே பெரிய நிலநடுக்கம் மாதிரியே தெரியும்.

அந்த முடிச்சை அவிழ்க்க எழுத்துச் சான்று உதவுகிறது. கிழக்கு நேபாள அகழிகளில் 1934-க்கு முந்தைய பிளவு 1255-ஆம் ஆண்டு நிலநடுக்கம் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த வருடம் காத்மாண்டுவில் மன்னர் அபய மல்லர் நிலநடுக்கத்தில் இறந்தார் என்று அங்கே எழுதி வைத்திருந்தார்கள். அதனால் நீங்கள் எடுக்கும் ஊரின் கோயில் கல்வெட்டு, வருவாய்த்துறைப் பழைய ஆவணம், மடத்துக் குறிப்பு எதையும் விடாதீர்கள். அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒரு வரலாற்று மாணவரை முதல் வருடத்திலேயே கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் அவர் பெயரையும் ஆசிரியராகப் போடுங்கள்.